டாஷ்போர்டுக்குப் பின்னால் வீசும் காற்று

கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட வண்டிகளுள், பிரிட்டனின் லேண்ட் ரோவரைப் போல் அடிப்படை அமைப்பு அதிகம் மாறாமல் நெடுங்காலம் நீடித்தவை மிகச் சிலவே. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, 1990 முதல் டிஃபெண்டர் என்னும் பெயரைத் தாங்கி, 2016 ஜனவரியில் சோலிஹல் ஆலையில் தயாரிப்பு நிறுத்தப்படும் வரை வந்த இந்த வண்டிக்கு உழைப்பாளி என்ற நற்பெயர் எவ்வளவு உண்டோ, அவ்வளவுக்கு இன்னொரு பெயரும் உண்டு: குளிர்காலத்தில் ஓட்டுபவரின் முழங்கால்களையும் பாதங்களையும் உறையச் செய்யும் வண்டி என்பது அது. டாஷ்போர்டின் ஓரங்களிலிருந்தும் அடிப்பகுதியிலிருந்தும் புறப்படும் இந்தக் குளிர்காற்றை அடைப்பதற்கு அதன் உரிமையாளர்கள் பல தலைமுறைகளாகப் பாடுபட்டு வந்திருக்கிறார்கள். அந்த முயற்சியில் பெரும்பகுதி வீணாவதற்குக் காரணம், காற்று வெளிப்படும் இடத்தையே அது நுழையும் இடமாகக் கொண்டுவிடுவதுதான்.

டாஷ்போர்டு என்பது முள் மானிகளையும் விசைகளையும் தாங்கி நிற்கும் ஒரு திரை மட்டுமே. அதற்குப் பின்னால், எஞ்சின் இருக்கும் பகுதியையும் பயணிகள் அமரும் பகுதியையும் பிரித்தபடி, வண்டியின் முழு அகலத்துக்கும் ஓர் எஃகுச் சுவர் நிற்கிறது. இதனைப் பல்க்ஹெட் அல்லது ஃபயர்வால் என்று பட்டறைகளில் சொல்வார்கள். வெளிக்காற்று முதலில் இந்தச் சுவரில் உள்ள திறப்புகளின் வழியே உள்ளே வந்து, டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள வெற்றிடத்தில் பரவி, அதன் பின்னரே எளிதான இடுக்கைத் தேடிப் பயணியை அடைகிறது. டாஷ்போர்டின் இடுக்கை மட்டும் அடைத்தால் காற்று வேறோர் இடுக்கின் வழியே வரும். அதனுடன் வந்த மழைநீரோ வெளியேற வழியின்றி மின்கம்பிகளுக்கு நடுவே தேங்கும். ஆகவே, வண்டியின் வெளித்தோலுக்கு எவ்வளவு அருகில் அடைப்பு அமைகிறதோ அவ்வளவுக்கு அது பயன் தரும்.

இந்தச் சுவரில் இத்தனை திறப்புகள் ஏன் வந்தன என்பதற்கு விடை, வண்டி பிறந்த காலத்தில் இருக்கிறது. ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கில்சி தீவில் இருந்த தம் பண்ணையில் போர்க்கால உபரியாக விற்கப்பட்ட ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதற்கு மாற்றாக, உழவருக்கும் தொழிற்கூடத்துக்கும் உதவும் ஒரு வண்டியை 1947-இல் அவர் திட்டமிட்டார். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டதால், வண்டியின் மேற்தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆயின. சேஸிஸும் பல்க்ஹெட்டும் எஃகாக இருந்தன. விலையுயர்ந்த அச்சுகளைத் தவிர்க்கும் பொருட்டுத் தகடுகள் தட்டையாகவும், வயலிலேயே கழற்றி மாட்டத்தக்கவாறு திருகுகளால் இணைக்கப்பட்டும் அமைந்தன. தரைத்தகடு, கியர்பெட்டியை மூடும் உறை, இருக்கைப் பெட்டி, கதவு, முன்கண்ணாடிச் சட்டம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே கழலும். முன்கண்ணாடியைக் கீல்களில் மடக்கி பானெட்டின் மேல் படுக்க வைக்கவும் முடிந்தது. கழற்றக்கூடிய ஒவ்வோர் இணைப்பும் காற்று நுழையக்கூடிய ஓர் இணைப்பே என்பதால், பழுதுபார்ப்பின் எளிமைக்காக வாங்கிய வரத்தோடு குளிரும் ஒட்டிக்கொண்டு வந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, தெரிந்தே வைக்கப்பட்ட ஒரு திறப்பும் உண்டு. முன்கண்ணாடிக்கு நேர் கீழே, பல்க்ஹெட்டின் வெளிமுகத்தில், வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு நீள்சதுர மடல்கள் கீல்களில் தொங்குகின்றன. டாஷ்போர்டிலுள்ள நெம்புகோலால் அவற்றைத் திறந்தால், பூச்சிகளைத் தடுக்கும் கம்பிவலையைக் கடந்து காற்று நேராக உள்ளே பாயும். 1958-இல் வந்த இரண்டாம் வரிசை வண்டிகளிலும், அடுத்து வந்த மூன்றாம் வரிசையிலும், 2006 வரையிலான டிஃபெண்டரிலும் இவை இருந்தன. ஆப்பிரிக்காவின் வெயிலிலும் ஆஸ்திரேலியாவின் பாலையிலும் குளிர்சாதனம் இல்லாத வண்டிக்கு இதைவிட எளிய, பழுதே ஆகாத காற்றோட்ட முறையைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் அதே மடலைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை காய்ந்து, வெடித்து, தட்டையாகிவிட்டால், மூடிய நிலையிலும் அது பாதி திறந்த சன்னலாகவே இருக்கும்.

மடல்களை அங்கே வைத்தவர்கள் இடத்தைச் சரியாகவே தேர்ந்தார்கள் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. ஓடும் வண்டியின் முன்முகத்தில் மோதும் காற்று வேகமிழந்து நிற்கும் இடங்களில் அழுத்தம் உயர்கிறது; பானெட்டும் முன்கண்ணாடியும் சந்திக்கும் மூலை அத்தகைய இடங்களுள் ஒன்று. இன்றைய கார்களும் தங்களுக்கு வேண்டிய புதுக்காற்றை இந்த மூலையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இந்த அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்வது, அதாவது வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காவது, இயற்பியல் விதி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதிகபட்சம் 75 பாஸ்கல் அளவில் இருக்கும் அழுத்தம், 80 கிலோமீட்டரில் ஏறத்தாழ 300 பாஸ்கலைத் தொடுகிறது. 300 பாஸ்கல் என்பது 3 சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கி நிறுத்தப் போதுமானது. ஊருக்குள் ஒழுகாத வண்டி நெடுஞ்சாலையில் மழை பெய்யும்போது மட்டும் ஓட்டுநரின் காலில் சொட்டுவதன் மர்மம் இதுவே.

இடுக்குகளின் அளவைக் கண் குறைத்தே மதிப்பிடுகிறது. ஒரு மீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஓர் இடுக்கின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். பக்கத்துக்கு 7 சென்டிமீட்டர் கொண்ட ஒரு சதுரத் துளைக்கு அது சமம். அப்படியொரு துளை டாஷ்போர்டின் நடுவில் இருந்தால் எவரும் ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், நீளவாக்கில் மெலிந்து கிடப்பதால் அது கவனத்துக்கு வருவதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இவ்வளவு பரப்பின் வழியே வினாடிக்கு 50 லிட்டர் அளவிலான காற்று நுழையக்கூடும். வெளியே 5 பாகையும் உள்ளே 20 பாகையும் செல்சியஸ் என்று கொண்டால், அந்தக் காற்றைச் சூடாக்க மட்டும் ஓர் இஸ்திரிப்பெட்டி உண்ணும் அளவு ஆற்றல், அதாவது ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம், இடைவிடாமல் தேவைப்படுகிறது. பழைய லேண்ட் ரோவரின் ஹீட்டர் சோப்ளாங்கி என்று பெயரெடுத்ததில் ஹீட்டரின் குற்றம் கொஞ்சம்தான். அது சூடாக்கிய காற்றை இடுக்குகள் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தன.

உள்ளே வரும் காற்றுக்கு வெளியேறும் வழியும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டியின் பக்கச் சன்னல்களை ஒட்டி விரைந்தோடும் காற்றினாலும், செங்குத்தாக முடியும் பின்புறத்தினாலும் அந்த இடங்களில் அழுத்தம் குறைகிறது. கண்ணாடியில் படியும் மூடுபனியைப் போக்க ஒருவர் பக்கச் சன்னலைச் சிறிது திறந்தால், உட்புற அழுத்தம் தாழ்ந்து, டாஷ்போர்டின் இடுக்குகளில் குளிர்காற்று முன்னிலும் வேகமாகப் பாயும். பின்கதவின் ரப்பர் தேய்ந்திருந்தாலும் இதுவே நிகழும். அத்துடன், வண்டிக்குப் பின்னால் சுழலும் புழுதியும் புகையும் அந்த வழியாக உள்ளே இழுக்கப்படலாம். பாலைநிலத்தில் பின்புறத்தை இறுக மூடி முன்மடல்களைத் திறந்து ஓட்டும் வழக்கம் இதனால் எழுந்தது: உள்ளே அழுத்தம் சற்று உயர்ந்திருந்தால், புழுதி வெளியிலேயே நின்றுவிடும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரவில் டாஷ்போர்டின் அடியில் பிரகாசமான விளக்கொன்றை வைத்து, பானெட்டைத் திறந்து எஞ்சின் பகுதியிலிருந்தும் சக்கரக் குழியிலிருந்தும் நோக்கினால், ஒளி கசியும் இடங்கள் எல்லாம் காற்று கசியும் இடங்களே. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை மடலுக்கும் அதன் ரப்பருக்கும் இடையில் வைத்து மூடி இழுக்கும்போது அது தடையின்றி வந்துவிட்டால், அங்கே ரப்பர் அழுந்தவில்லை என்று பொருள். உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் ஊதுகருவியைச் சன்னல் வழியே பொருத்தி உட்புறத்தில் அழுத்தத்தை உயர்த்தி, வெளியிலிருந்து இணைப்புகளில் சோப்புநீர் தடவிப் பார்ப்பது இன்னும் நம்பகமான முறை. குமிழி எழும் இடம் பொய் சொல்லாது. நெடுநாள் ஓடிய வண்டியில் இவையும் வேண்டாம், கம்பளத்தை உரித்தால் காற்று வந்த வழியெல்லாம் புழுதி கோடு போட்டு வைத்திருக்கும்.

இத்தகைய தேடலில் மடல்களுக்கு அடுத்தபடியாக அகப்படுவது முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் பல்க்ஹெட்டின் மேல்விளிம்புக்கும் இடையிலுள்ள நீண்ட ரப்பர் பட்டை. சட்டம் மடங்கத்தக்கது என்பதால் இந்தப் பட்டை ஒட்டப்பட்ட நிலையில் இல்லாமல் அழுந்திய நிலையில்தான் வேலை செய்கிறது. கீல்த் திருகுகள் தளர்ந்தாலே அது பயனற்றுப் போகும். மிதிகளைத் தாங்கும் பெட்டிகள் பல்க்ஹெட்டில் பொருந்தும் இடத்திலுள்ள கேஸ்கெட், ஸ்டியரிங் தண்டு நுழையும் துளை, மின்கம்பிக் கற்றைகளைச் சூழும் கிராமெட் என்னும் ரப்பர் வளையங்கள், கியர் நெம்புகோலின் ரப்பர் உறை ஆகியவை அதற்கடுத்து வருகின்றன. இவை எஞ்சின், கியர்பெட்டிப் பக்கம் திறப்பவை என்பதால் இவற்றை அடைப்பது வசதிக்கான வேலை என்பதைவிடப் பாதுகாப்புக்கான வேலை என்பதே பொருந்தும். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மற்ற இடுக்குகளையெல்லாம் அடைத்து இவற்றை மட்டும் விட்டுவைத்தால், உள்ளே வரும் காற்றின் பெரும்பங்கு எஞ்சின் பகுதியிலிருந்தே வரும். அது குளிரைவிடக் கொடியது.

அடைப்பதற்கு எதைப் பயன்படுத்துவது என்பதில் கடைக்காரரின் சொல்லைவிடப் பொருளின் இயல்பே வழிகாட்ட வேண்டும். ஸ்பாஞ்சு போன்ற பட்டைகளில் இரு வகை உண்டு: நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்து கிடப்பது ஒரு வகை, ஒவ்வோர் அறையும் தனித்து மூடியிருப்பது மற்றொன்று. முதல் வகை தண்ணீரை உறிஞ்சித் தகட்டோடு ஒட்டி வைத்திருக்கும். பல்க்ஹெட் எஃகாக இருப்பதால் துருவுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. மூடிய அறைகள் கொண்ட இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் வெயிலையும் மழையையும் நன்கு தாங்கும், ஆயினும் எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும்; எண்ணெயை ஓரளவு தாங்கும் நியோப்ரீன் எஞ்சினை நோக்கிய இடங்களுக்கு ஏற்றது. எந்த ரப்பராயினும் அதன் தடிப்பில் கால் பங்கு முதல் பாதி வரை அழுந்துமாறு தேர்வது பொது விதி. அதற்கு மேல் அழுத்தினால் அது மீளும் திறனை இழந்து நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். மடலின் ரப்பர் தேவைக்கு மேல் தடித்திருந்தாலோ மடல் வளைந்து ஒரு பகுதி திறந்தே நிற்கும். புதிய ரப்பரை ஒட்டுவதற்கு முன் பழைய பசையைச் சுரண்டி, துருவை நீக்கி, வண்ணம் பூசி, ஆல்கஹாலால் துடைக்க வேண்டும் என்பது சலிப்பூட்டும் அறிவுரைதான். ஆனால் ஒட்டிய பட்டைகள் உரிந்து விழுவதற்கு இதைத் தவிர்ப்பதே பெரும்பாலும் காரணம்.

கெட்டியாக உறையும் பொருட்கள் இந்த வேலைக்கு ஆகாதவை. பள்ளமான தடத்தில் ஏணி வடிவச் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்போது அதன் மேல் திருகப்பட்ட தகடுகளும் சிறிது நகர்கின்றன. பிளாஸ்டிக் டாஷ்போர்டோ வெப்பத்தில் எஃகைக் காட்டிலும் பல மடங்கு விரிந்து சுருங்குகிறது. அசையும் இடுக்கை அசையாத பொருளால் நிரப்பினால் அது விரைவில் விண்டுபோகும். தெளித்தவுடன் பொங்கி நிறையும் பாலியூரித்தேன் நுரையை டாஷ்போர்டுக்குப் பின்னால் பீய்ச்சுவது விபரீதம்: வைப்பர் மோட்டாரையோ ஒரு மின்கம்பியையோ பிறகு தொட வேண்டுமானால் நுரையைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். உறையும்போது வினிகர் வாடை வீசும் சிலிக்கோன் வகை வெளியிடும் அசிட்டிக் அமிலம் செம்பு இணைப்புகளை அரிக்கும் என்பதால் மின்கம்பிகளின் அருகில் அதற்கும் இடமில்லை. என்றும் இளகிய நிலையிலேயே இருக்கும் பியூட்டில் நாடா, திருகி நிறுத்திய இணைப்புகளுக்கு இவற்றைவிட நன்கு பொருந்தும்.

வண்டியை முற்றிலும் காற்றுப்புகாமல் மூடுவது நோக்கமாக இருக்கவும் கூடாது. அமர்ந்திருக்கும் ஒருவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் மணிக்கு 40 முதல் 50 கிராம் வரை நீராவி வெளிப்படுகிறது. நால்வர் பயணம் செய்தால் அது குளிர்ந்த கண்ணாடிகளில் படிந்து பார்வையை மறைக்கும். பழைய வண்டியில் இந்த ஈரத்தை இடுக்குகளே சத்தமின்றி வெளியேற்றி வந்தன. நவீன கார்களில் இதற்கென்றே பின்பம்பரின் மறைவில் மெல்லிய ரப்பர் மடல்கள் கொண்ட வெளிவாய்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவை காற்றை வெளியே மட்டும் விடும். லேண்ட் ரோவரில் முன்பகுதியை நன்றாக அடைத்த பிறகு, ஹீட்டர் வெளியிலிருந்து காற்றை எடுக்கும் வாயைத் திறந்தே வைத்து, எஞ்சினிலிருந்தும் புகைக்குழாயிலிருந்தும் விலகிய ஓரிடத்தில் சிறு வெளிவழி ஒன்றையும் விட்டுவைத்தால்தான் சூடான காற்று கண்ணாடியை நோக்கி ஓடும். வெளிவழி இல்லாத அறைக்குள் விசிறியால் காற்றைத் திணிக்க முடியாது.

2007-இல் டிஃபெண்டருக்குப் புதிய டீசல் எஞ்சினும் புதிய டாஷ்போர்டும் வலுவான ஹீட்டரும் வந்தபோது, முன்கண்ணாடிக்குக் கீழிருந்த மடல்களை உற்பத்தியாளர்களே நீக்கிவிட்டார்கள். பழைய வண்டியின் உரிமையாளர்களில் சிலர் இதைப் பின்பற்றி மடல்களை நிரந்தரமாகத் திருகி மூடிவிடுகிறார்கள். குளிர்சாதனம் உள்ள வண்டிக்கு அது பொருந்தலாம். அது இல்லாத வண்டியில், கீல்களைச் சரிசெய்து தரமான ரப்பர் பொருத்துவதே அறிவுடைமை, ஏனெனில் கோடையில் எஞ்சினின் வெப்பத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டிய அந்தச் சிறிய அறைக்கு இவ்வளவு நேரான வேறு காற்றுவாயில் கிடையாது. புதிய ரப்பர் முதல் குளிர்காலத்தில் வண்ணப்பூச்சோடு உறைந்து ஒட்டி, மடலைத் திறக்கும்போது கிழியும் இயல்புடையது. அதன் மேல் சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவி வைத்தால் அந்தச் சேதத்தைத் தவிர்க்கலாம்.