கூமுட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆயர் ஈத்தாமில் பாட்டி வளர்க்கும் கம்போங் கோழி 10 முட்டைகளுடன் அடையில் உட்கார்ந்தது. "தண்ணீரில் போட்டுப் பார்ப்போம் பாட்டி, மிதப்பதெல்லாம் கூமுட்டை" என்றேன். பாட்டி தடுத்துவிட்டார்.

நான் நினைத்தது தவறு. தண்ணீர்ச் சோதனை முட்டை பழையதா, புதியதா என்றுதான் காட்டும். சேவலோடு சேராத கோழியும் முட்டையிடும். அதில் குஞ்சு வராது. ஆனால், அடைவைக்கும் முன் ஓட்டை உடைக்காமல் அதை வீட்டில் கண்டறிய முடியாது.

7ஆம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் டார்ச்லைட் அடித்துப் பார்த்தோம். எட்டு முட்டைகளில் ஒரு கரும்புள்ளியும், அதைச் சுற்றிச் சிலந்திக் கால்களைப்போல் இரத்த நாளங்களும் தெரிந்தன. அதுதான் கரு. ஒன்று வெறுமையாக இருந்தது. இன்னொன்றின் ஓடு பழுப்பு நிறம். உள்ளே எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"இரண்டையும் எறிந்துவிடலாமா?"

"வெறும் முட்டையை எடுத்துடு. விட்டா அழுகி வெடிச்சு மத்ததையும் கெடுத்துடும். இன்னொண்ணுக்கு மூணு நாள் பொறு."

10ஆம் நாள் பழுப்பு முட்டைக்குள் கரு அசைந்தது. 21ஆம் நாள் எட்டுக் குஞ்சுகள் வெளிவந்தன. நான் எறியப் பார்த்ததும் அதில் ஒன்று.

இப்போதெல்லாம் யாரையும் 'கூமுட்டை' என்று திட்டுமுன் கொஞ்சம் யோசிக்கிறேன்.