ஏற்றம் மூச்சைக் கேட்கும், இறக்கம் தொடையைக் கேட்கும்

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில், 1345 மீட்டர் உயர்ந்து பிரிட்டன் முழுமைக்கும் தலைமை பூண்டு நிற்கும் பென் நெவிஸ் சிகரத்தின் அடிவாரத்தில் போர்ட் வில்லியம் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. வார நாட்களிலெல்லாம் வேறு ஜீவனோபாயம் பார்க்கும் சாதாரண மனிதர்கள் சில நூறு பேர், செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமையன்று அங்கே கூடி, மைதானத்திலிருந்து புறப்பட்டு, உச்சியைக் கண்டு, வந்த வழியே ஓடி இறங்குவதை ஆண்டுதோறும் ஒரு விரதம்போல நடத்தி வருகிறார்கள்.

1895-இல் அவ்வூரில் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த வில்லியம் ஸ்வான் என்பவர், பழைய தபால் நிலையத்திலிருந்து கிளம்பி 2 மணி 41 நிமிஷத்தில் போய் மீண்டதே கடிகாரம் கண்ட முதல் ஓட்டம். 1984-இல் கென்னி ஸ்டூவர்ட் என்னும் தோட்டக்காரர் இப்பந்தயத்தை 1 மணி 25 நிமிஷம் 34 விநாடியில் முடித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது முறியடிக்கப்படாதிருந்தது.

போகவர 14 கிலோமீட்டர். முன்வரிசையினர் ஏற ஏறத்தாழ ஒரு மணி நேரமும் இறங்க அதில் பாதியும் ஆவதால், ஏற்றமே பிரயாசை, இறக்கம் அதற்குக் கிடைக்கும் சன்மானம் என்று வேடிக்கை பார்ப்போர் எண்ணிக்கொள்கிறார்கள். பிராணவாயுவை மட்டும் அளந்தால் அவர்கள் பக்கமே நியாயம். 2002-இல் இத்தாலியரான ஆல்பெர்ட்டோ மினெட்டியும் தோழர்களும் மலையோட்ட வீரர் பதின்மரைச் சாய்வான ஓடுபொறியில் ஓடவிட்டுச் சுவாசத்தை அளந்தபோது, நூறு மீட்டருக்கு நாற்பத்தைந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் சமதளத்தைவிட ஐந்தரை மடங்கு சக்தி செலவாயிற்று. நூற்றுக்கு இருபது இறங்கும் சரிவிலோ சமதளச் செலவில் பாதியே போதுமாயிருந்தது. ஏற்றம் கடுமையாகும்போது ஓட்டத்துக்கும் நடைக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறதென்றும் கண்டார்கள். ஆகையால் தேர்ந்த ஓட்டக்காரர்களும் முழங்காலுக்கு மேல் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு நடந்தே ஏறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அதே கணக்கில் ஒரு விசேஷம். சரிவு இன்னும் செங்குத்தாகி நூற்றுக்கு நாற்பத்தைந்தை எட்டினால், இறங்குவதற்கான செலவு சமதளத்தையும் மிஞ்சுகிறது. மூச்சு எவ்வளவோ மிச்சமிருந்தும், அது அனுமதிக்கும் வேகத்தில் பந்தயக்காரர்கள் இறங்குவதில்லை என்பதையும் மினெட்டி குறித்தார். தடுப்பது நுரையீரலன்று, கல்லில் இடறி விழும் அச்சமும், தொடையும்.

ஏறும்போது தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போதோ, ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மடிய, முன்தொடைத் தசை தேகபாரத்தைத் தாங்கி இறுகியவாறே இழுபட்டு நீள்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை 1952-இல் அபட், பிக்லண்ட், ரிச்சி ஆகிய மூவர் நிலைச் சைக்கிள் இரண்டைப் பின்னுக்குப் பின்னாக நிறுத்திச் சங்கிலியால் பிணைத்துக் காட்டினார்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் தம்மை நோக்கிச் சுழன்றுவரும் பெடலை எதிர்த்துத் தடுக்க வேண்டும். வேகமும் விசையும் இருவருக்கும் ஒன்றே. லண்டன் ராயல் சொஸைட்டியில் விஞ்ஞானிகள் சூழ்ந்து நிற்க, சிறிய உருவினரான பிக்லண்ட் அம்மையார் அலட்டிக்கொள்ளாமல் தடுத்தமர்ந்திருக்க, அவரைவிடப் பெரிய ஆகிருதியுடைய ரிச்சி மிதித்து மிதித்துக் களைத்துப்போனார். நீளும் தசை அவ்வளவு சிக்கனமானது.

சிக்கனம் வேறு, இலவசம் வேறு. குறைந்த இழைகளே பெருவிசையைத் தாங்குவதால், ஒவ்வோர் இழைக்குள்ளும் இருக்கும் நுண்ணிய கண்ணிகளிற் சில அளவுக்கு மீறி இழுபட்டுச் சிதைகின்றன. அழற்சி மெல்லத் தொடங்கி, வலி மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உச்சமடைகிறது. இதனை அறிய ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. பழநி மலைப் படிகளில் விறுவிறுவென்று இறங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவோரைக் கேட்டால் போதும். அதைத் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தின் வேலை என்று உடற்பயிற்சி ஆசான்கள் சிலர் இன்னமும் சொல்வது தவறு. அந்த அமிலம் ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

இதற்குப் பரிகாரமும் இறக்கத்திலேயே இருக்கிறது. ஒரு முறை இவ்வாறு நொந்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை மிகக் குறைந்த சேதத்தோடு தாங்கும்படி தன்னைத் திருத்திக்கொள்கிறது. இதை அறிந்தவர்கள் பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு நல்ல சரிவைத் தேடி, குட்டையான அடிகள் வைத்து, பின்னுக்குச் சாயாமல், சில அடி தூரத்துக் கற்களில் பார்வையை நிறுத்தி ஓடி இறங்கித் தொடையை ஒருதரம் வேண்டுமென்றே நோகவைத்துக்கொள்கிறார்கள். பந்தயத்துக்கு முந்தின வாரத்தில் இதைச் செய்வோர் வலியோடுதான் கிளம்ப வேண்டியிருக்கும்.