பிறவிக் குணமா?

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது பழமொழி. தந்தையின் மூக்கு மகனுக்கு அமைவதை நாம் காண்கிறோம். தந்தையின் சினமும் அவ்வாறே மகனிடம் இறங்குமோ?

சினமும் ஐயமும் எல்லார்க்கும் உண்டு. அவை இளமை தொட்டே அளவு கடந்து நின்று, ஒருவனையும் அவன் சுற்றத்தாரையும் ஓயாது வருத்துமாயின், அந்நிலையை ஆளுமைக் கோளாறு என்பர் மனநல மருத்துவர். இதன் வேர் பிறப்பில் உள்ளதா, வளர்ப்பில் உள்ளதா என ஆராய்தற்கு இரட்டையர் பெரிதும் உதவினர். ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர்க்கு மரபணுக்கள் ஏறக்குறைய முற்றும் ஒன்றே. இரு கருவினராகிய இரட்டையர்க்கோ, ஏனைய உடன்பிறந்தார்க்குப் போல, அவ்வொற்றுமை குறைவு. முன்னவர் பின்னவரினும் குணத்தால் மிகுதியும் ஒத்திருப்பாராயின், அதில் மரபுக்குப் பங்கு உண்டு எனக் கொள்ளலாம். இவ்வழியில் ஆராய்ந்தோர் பலர், மக்களிடையே இக்கோளாறுகளில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதிக்கு மரபே காரணம் எனக் கண்டனர். ஒருவனுடைய குணத்தில் பாதி பெற்றோர் தந்தது என்பது இதன் பொருளன்று. பலரையும் ஒருங்கு வைத்து நோக்கிய கணக்கே இது. மாணவர் இதனை நன்கு மனங்கொள்ளல் வேண்டும்.

ஆயின், எந்த மரபணு? 1978ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு நைமேகன் நகர மருத்துவமனைக்குப் பெண்மணி ஒருவர் வந்தார். தம் குடும்பத்து ஆடவர் பலர் சிறிது அறிவு வளர்ச்சி குன்றியிருந்ததையும், அற்பக் காரணத்துக்கும் வெகுண்டெழுந்ததையும், சிலர் தீ வைக்கவும் துணிந்ததையும் கூறி, காரணம் வினவினார். அவருடைய உறவினர் ஒருவர் 1962லேயே குடும்பத்தாரின் வழிமுறையை ஆராய்ந்து, அத்தகையோர் ஒன்பதின்மரைக் குறித்து வைத்திருந்தார். அவருடைய பொறுமையைப் பாராட்டாதிருக்க இயலாது. பெண்டிர்க்கு இக்குறை இல்லை. ஆகவே காரணம் எக்ஸ் குரோமோசோமில் இருத்தல் வேண்டும். ஆடவர்க்கு அஃது ஒன்றே உள்ளதாதலின், அது பழுதுற்றால் ஈடுசெய்ய மற்றொன்று இல்லை. 1993இல் ஹான்ஸ் புரூன்னரும் அவருடன் உழைத்தோரும் பழுதைக் கண்டுபிடித்தனர். மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் முதலிய பொருள்களைச் சிதைத்து அகற்றுவது மோனோஅமைன் ஆக்சிடேசு-ஏ என்னும் நொதி. அதனை ஆக்கும் மரபணுவின் நெடிய செய்தியில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அவ்வோர் எழுத்துப் பிழையால் நொதியே தோன்றாது போயிற்று!

‘வன்முறை மரபணு’ அகப்பட்டுவிட்டது என்ற பேச்சு எங்கும் பரவியது. புரூன்னரே அதனை ஏற்கவில்லை. அந்நொதி அறவே இல்லாமை மிக அரிது. அது குறைவாக ஆக்கப்படுதலோ பலரிடமும் காண்பது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை வளர வளரத் தொடர்ந்து ஆராயும் அறிஞர் குழு ஒன்று உண்டு. அக்குழுவினராகிய காஸ்பி, மோபிட் முதலியோர் 2002இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நொதி குறைந்த ஆடவருள், இளமையில் கொடுமைக்கு ஆளானோரே பெரிதும் தீயொழுக்கத்தில் வீழ்ந்தனர். கொடுமையின்றி வளர்ந்தோர் ஏனையோரினும் தீயராகவில்லை. பின்வந்த ஆய்வுகளுள் சில இதனை உறுதி செய்தன, சில செய்யவில்லை.

இதற்குள் வழக்கறிஞர் இதனைக் கையில் எடுத்துக்கொண்டனர். 2009இல் இத்தாலி நாட்டு டிரியெஸ்டு நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், கொலைக் குற்றவாளி ஒருவனுடைய மரபணுவையும் கருதி, தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. மரபணுவை இத்துணை விரைந்து சாட்சிக் கூண்டில் ஏற்றியது பொருத்தமன்று. அதே வாதத்தைத் திருப்பி, ‘இவன் பிறவியிலேயே தீயவன், ஆதலின் திருந்தான்’ என வேறொரு நீதிபதி தண்டனையைக் கூட்டிவிடலாமே!

இன்று ஆய்வாளர் ஒற்றை மரபணுவைத் தேடுவதை விடுத்து, ஆயிரக்கணக்கானோரின் மரபுச் செய்தி முழுவதையும் ஒப்பு நோக்குகின்றனர். உணர்ச்சிகள் நிலைகொள்ளாது அலைக்கழிக்கும் ‘எல்லைநிலை ஆளுமைக் கோளாறு’ உடையார் 998 பேரை இம்முறையில் ஆராய்ந்த முடிவு 2017இல் வெளிவந்தது. தனியோர் எழுத்து வேறுபாடு எதுவும் காரணமெனத் துணியத்தக்கதாக அதில் அகப்படவில்லை. ஆனால் மனச்சோர்வு, மனச்சிதைவு முதலிய பிற நோய்களுக்கும் இதற்கும் மரபில் பொதுவான பங்கு இருத்தல் புலனாயிற்று. ஒவ்வொன்றின் பயனும் மிகச் சிறிதாயின், அதனைக் காணத் தொள்ளாயிரவர் போதார். ஆதலின் பல நாட்டு ஆய்வாளரும் ஒன்றுகூடி, இன்னும் பல்லாயிரவருடைய குருதித் துளிகளைத் திரட்டி வருகின்றனர்.