கழிவுநீர் கூறும் செய்தி

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலைக் காற்று வாங்கச் செல்வோர் புகையிரதப் பாதையையும் அதற்கப்பால் விரிந்து கிடக்கும் கடலையும் காண்பர். தம் காலடியின் கீழே ஓடும் மற்றோர் ஆற்றை அவர்கள் காண்பதில்லை; காண விரும்புவதுமில்லை. அதுவே நகரின் கழிவுநீர். ஆங்கிலேயர் ஆட்சியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொழும்பில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் இடப்பட்டன. தென்பகுதியின் கழிவுநீர் வெள்ளவத்தைக்கும், கொட்டாஞ்சேனை முதலிய வடபகுதியின் கழிவுநீர் முகத்துவாரத்துக்கும் சென்று கடலிற் சேருமாறு அந்த அமைப்பு பிற்காலத்தில் அமைந்தது.

யாவரும் முகஞ் சுளிக்கும் இந்நீரையே இன்று மருத்துவ உலகம் ஒரு கடிதத்தைப் போல வாசிக்கத் தொடங்கியிருக்கிறது. அதில் எழுதப்பட்டிருப்பது என்ன?

இளம்பிள்ளை வாதத்தை எடுத்துக்கொள்வோம். போலியோ வைரஸ் தொற்றிய ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கே கைகால் முடங்குகிறது. ஏனையோரிற் பலருக்கு நோய் வந்ததே தெரியாது. ஆயினும் அவர்களது மலத்தில் அந்த வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டேயிருக்கும். ஆகவே, ஒரு குழந்தை முடமாகி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் நாளில், ஊரில் நூற்றுக்கணக்கானோரிடம் நோய் பரவி முடிந்திருக்கும். வைத்தியர் அறியுமுன் கழிவுநீர் அதனை அறிந்திருக்கும்.

இவ்வுண்மை புதியதன்று. அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் நகரில் 1939 ஆம் ஆண்டிலேயே ஜோன் போல், ஜேம்ஸ் ட்ராஸ்க் என்னும் அறிஞர்கள் கழிவுநீரில் இவ்வைரஸைக் கண்டனர். நமது அயல் நாடான இந்தியாவில், மும்பை நகரின் கழிவுநீர் 2001 ஆம் ஆண்டு முதல் இதற்கெனச் சோதிக்கப்பட்டு வந்தது. 2022 இல் இலண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டபோது, ஒரு பிள்ளையேனும் முடமாகுமுன்னரே, அந்நகரில் ஒன்று முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்கு மேலதிகத் தடுப்பு மருந்து வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. 2020 மார்ச் மாதத்தில் நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் நகரில், முதல் கொவிட் நோயாளி அறிவிக்கப்படுமுன்பே, கழிவுநீரில் அந்நோயின் அடையாளம் காணப்பட்டது.

இலங்கையில் 1993 ஆம் ஆண்டுக்குப் பின் இளம்பிள்ளை வாதம் காணப்படவில்லை. 2014 மார்ச் 27 ஆம் நாள் தென்கிழக்காசிய வலயத்தோடு இந்நாடும் அந்நோய் நீங்கியதெனச் சான்று பெற்றது. எனினும் காவல் நீங்கவில்லை. திடீரெனக் கைகால் தளரும் பிள்ளைகளின் மல மாதிரிகள் கொழும்பு பொறளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற் சோதிக்கப்படுகின்றன.

ஆய்வுகூடச் சோதனை நம்பத்தக்கது, ஆனால் விலையுயர்ந்த பொறிகளும் தேர்ந்த பணியாளரும் அதற்கு வேண்டும், நாட்களும் செல்லும். இக்குறையை நீக்கவே ‘உயிருணரி’ என்னும் சிறு கருவியை அறிஞர் உருவாக்கி வருகின்றனர். இதன் முன்னோடி நீரிழிவு நோயாளர் பலரின் வீட்டில் இருக்கிறது. விரல்நுனி இரத்தத்தைத் தொட்டவுடன் சர்க்கரையின் அளவைக் கூறும் கருவியே அது. அதன் அடிப்படையை லீலண்ட் கிளார்க் என்பவர் 1962 இல் வெளியிட்டார். இலங்கைக் குழந்தைகளுக்கு வாய்வழிப் போலியோ மருந்து கொடுக்கத் தொடங்கியதும் அதே ஆண்டிலேயே.

உயிருணரிக்கு உறுப்புகள் இரண்டு. ஒன்று இனங்காண்பது, மற்றது அறிவிப்பது. பூட்டுக்கு ஒரு திறவுகோல் போல, குறித்த வைரஸோடு மட்டும் பொருந்தும் பிறபொருளெதிரியோ மரபணுத் துண்டோ முதலாவது உறுப்பாக அமையும். பொருந்தியவுடன் நேரும் மாற்றத்தை மின்னோட்டமாகவோ நிறமாகவோ ஒளியாகவோ இரண்டாவது உறுப்பு காட்டிவிடும். வைரஸின் அளவு மிகச் சிறிதாயின், அதன் மரபணுவை ஏறத்தாழ 65 பாகை வெப்பத்திற் பன்மடங்காகப் பெருக்கியபின் சோதிக்கும் முறையும் உண்டு. காகிதத் துண்டில் இவற்றை அமைக்கும் முயற்சியும் நடைபெறுகிறது.

இடர்கள் இல்லாமலில்லை. சவர்க்காரமும் எண்ணெயும் மணலும் கலந்த நீர், கருவியை மயங்கச் செய்யும். பருவமழை நீர் புகுந்தால் வைரஸ் நீர்த்துப்போகும். இதற்கு ஒரு விந்தையான அளவுகோல் உண்டு. மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ், மனிதருக்குத் தீங்கு செய்யாது உணவோடு குடலைக் கடந்து ஏராளமாக வெளியேறுகிறது. அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அந்நீரில் மனிதக் கழிவு எவ்வளவு என மதிப்பிடுவர். மேலும், மரபணுத் துண்டு கிடைத்த மாத்திரத்தில் உயிருள்ள வைரஸ் இருக்கிறதென்று துணிய முடியாது. ஆதலின் உயிருணரி எச்சரிக்கை மணியே. தீர்ப்பு ஆய்வுகூடத்துக்கு உரியது. இக்கருவிகளிற் பெரும்பாலானவை இன்னும் பரிசோதனைப் படியிலேயே நிற்கின்றன.

இதனால் ஏழை மக்களுக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். 2020 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொட்டாஞ்சேனை உள்ளிட்ட வடகொழும்புப் பகுதிகளில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு நிலவியபோது, அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்தோர் பட்ட துன்பம் பெரிது. நோய் எங்கே என்பது தெளிவாகவும் விரைவாகவும் தெரியுமாயின், அடைக்கவேண்டிய இடமும் நாளும் சுருங்கும். கழிவுநீர் எவருடைய பெயரையும் சொல்வதில்லை. செல்வர் வீட்டு நீரும் வறியோர் வீட்டு நீரும் ஒரே குழாயிற் கலக்கின்றன. ஆனால் ஒரு சிறு சந்தின் குழாயை மட்டும் தனியே சோதித்து, அங்குள்ளோரைப் பழிக்கத் தொடங்கினால், காவலாக வந்த கருவி தண்டனைக் கருவியாகிவிடும். குழாய் இணைப்பில்லாத வீடுகளின் குரல் இதில் ஒலிக்காது என்பதையும் அதிகாரிகள் மறத்தலாகாது.

எச்சரிக்கை கேட்டும் எழுந்திராத வீட்டுக்குக் காவற்காரன் இருந்தும் பயனில்லை. நீர் செய்தி கூறும்; குழந்தையைத் தடுப்பு மருந்து நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர் பெற்றோரே.