ஆறு முகங்களும் 3.4 லட்சம் ஓட்டுகளும்

2010 நவம்பர் 2, அமெரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தல் நாள். அன்று ஃபேஸ்புக்கைத் திறந்த, 18 வயது நிரம்பிய அமெரிக்கர்கள் பெரும்பாலோருக்குப் பக்கத்தின் உச்சியில் ஒரு சிறு பெட்டி தெரிந்தது. இன்று தேர்தல் என்ற நினைவூட்டல், வாக்குச்சாவடியைத் தேட ஓர் இணைப்பு, ‘நான் வாக்களித்துவிட்டேன்’ என்றொரு பொத்தான். கூடவே, அந்தப் பொத்தானை ஏற்கெனவே அழுத்திய நண்பர்களின் படங்கள். அதிகம் போனால் ஆறு முகங்கள்.

பார்த்தவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் ஒரு சோதனைக்குள் இருந்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபௌலர் குழுவும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து நடத்திய அதில் 6.1 கோடிப் பேர் அடக்கம். சுமார் 6 லட்சம் பேருக்கு முகங்கள் இல்லாத பெட்டி. இன்னொரு 6 லட்சம் பேருக்குப் பெட்டியே கிடையாது. மற்ற எல்லோருக்கும் முகங்களோடு. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்தது.

பொத்தானை அழுத்தியவரெல்லாம் ஓட்டுப் போட்டவர் என்று நம்பிவிட முடியாது. ஆனால் அமெரிக்காவில் யாருக்கு வாக்களித்தார் என்பதுதான் ரகசியம்; வாக்களித்தாரா என்பது அரசுப் பதிவேட்டில் இருக்கும். சில மாநிலங்களின் பதிவேடுகளோடு ஒத்துப் பார்த்தார்கள். முகங்கள் இல்லாத பெட்டியைப் பார்த்தவர்களும் எதையுமே பார்க்காதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வாக்களித்திருந்தார்கள். வெறும் தகவல் ஒருவரையும் வீட்டைவிட்டுக் கிளப்பவில்லை. முகங்களைப் பார்த்தவர்களில் 0.39 சதவீதம் பேர் கூடுதலாகச் சாவடிக்குப் போயிருந்தார்கள். மை வைத்த விரலோடு நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் போடும் செல்ஃபிக்கும் இந்தச் சக்தி இருக்கலாம் என்று எனக்கொரு சந்தேகம்.

0.39 என்பது எந்த வேட்பாளரும் சிரித்து ஒதுக்கும் எண். கோடிக்கணக்கானவர்களிடம் போய்ச் சேரும்போதுதான் அது கனக்கிறது. 2012-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையின் மதிப்பீட்டின்படி, நேரடியாகக் கூடிய வாக்குகள் 60 ஆயிரம். பெட்டியைப் பார்த்தவரிடமிருந்து அவருடைய நெருங்கிய நண்பர்களுக்குத் தொற்றிக்கொண்டு கூடியவை 2.8 லட்சம். ஆக மொத்தம் 3.4 லட்சம். 2000-இல் ஜார்ஜ் புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் ஃபுளோரிடாவை வென்றுதான் அதிபரானார்.

இந்தப் பெட்டியை ஒரு கட்சியின் ஆதரவாளர்களுக்கு மட்டும் காட்டினால்? 2014-இல் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஜொனாதன் ஸிட்ரெய்ன் கேட்டது இதைத்தான். பொய் சொல்ல வேண்டாம், யார் மனதையும் மாற்ற வேண்டாம். நமக்கு வேண்டியவர்களை மட்டும் தட்டி எழுப்பினால் போதும்.

மனதை மாற்றுவதோ வேறு கதை. 2020 அதிபர் தேர்தல் சமயத்தில், இம்முறை சம்மதம் பெற்று, சில ஆயிரம் பேரின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களில், எதை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதத்தை ஆய்வாளர்கள் நிறுத்திவிட்டுப் பதிவுகளை நேர வரிசையில் காட்டினார்கள். அவர்கள் அங்கே செலவிட்ட நேரம் வெகுவாகக் குறைந்தது. நம்பகமற்ற இடங்களிலிருந்து வரும் பதிவுகள் கூடின. ஆனால் மூன்று மாதம் கழித்தும் அவர்களுடைய அரசியல் கருத்திலோ எதிர்க்கட்சி மீதான வெறுப்பிலோ சொல்லத்தக்க மாற்றம் இல்லை என்றது 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு. 2010, 2020 ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துப் படித்தால், நாம் பயப்பட வேண்டிய இடம் மாறுகிறது. திரை நம் கருத்தை அசைக்கச் சிரமப்படுகிறது. கால்களை எளிதாக அசைக்கிறது.

இதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் தேர்தல் காலத்தில் ஃபேஸ்புக் தன் அல்காரிதத்தையே தற்காலிகமாகத் திருத்தி, நம்பகமற்ற செய்திகளை அடக்கி வைத்திருந்ததை 2024-இல் வேறொரு குழு அதே ‘சயின்ஸ்’ இதழில் சுட்டிக்காட்டியது. சாதாரண நாட்களில் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்பதை வெளியிலிருந்து சோதிக்க வழியில்லை; தரவோ நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ, பெரிய தளங்கள் தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளர்களுக்குத் தரவைத் திறந்துவிட வேண்டும் என்று தன் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது.