கடற்பசுவுக்கும் உண்டு மருத்துவப் பரிசோதனை!

நம் இல்லத்துக் குழந்தை நாளுக்கு நாள் மெலிந்தால் நாம் வாளாவிருப்போமா? உடனே மருத்துவரிடம் காட்டுகிறோம். அவர் எடை பார்க்கிறார், இரத்தத்தைச் சோதிக்கிறார். வாய் பேசாத, நீரினுள்ளே வாழும் ஓர் உயிரினத்தின் நலத்தை எப்படி அறிவது? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 'மானட்டி' எனும் கடற்பசு வாழ்கிறது. வளர்ந்த விலங்கு சுமார் 3 மீட்டர் நீளமும் 500 கிலோ எடையும் இருக்கும். நீரில் வளரும் புற்களே அதன் உணவு. உடல் பெருத்திருந்தும் அது குளிரைத் தாங்காது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே நெடுநாள் நீடித்தால் நோயுற்று மடிந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில், கிரிஸ்டல் ரிவர் என்னுமிடத்தில் ஆண்டு முழுவதும் 22 டிகிரி வெப்பத்துடன் சுரக்கும் ஊற்றுகளை நாடித் திரள்கின்றன. ஆய்வாளர்களுக்கு அதுவே தக்க தருணம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தினரும் பிறரும் படகிலிருந்து வலை வீசி, ஒரு கடற்பசுவை மெல்லக் கரையேற்றுகின்றனர். மெத்தை விரிப்பில் கிடத்தி, தோல் உலராதபடி நீர் ஊற்றுகின்றனர். ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டே இருப்பார். மற்றொருவர் இதயத் துடிப்பைக் கவனிப்பார். துடுப்புக் கையிலிருந்து இரத்தம் எடுக்கப்படுகிறது. நீளமும் சுற்றளவும் அளக்கப்படுகின்றன. நம் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் 'ஸ்கேன்' போன்ற கருவியால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பின் தடிமனைக் கணிக்கின்றனர். படகுகளின் சுழல்விசிறி பட்ட தழும்புகளையும் படம் பிடித்துப் பதிவு செய்கின்றனர். இறுதியாக, தூளியில் தொங்கவிட்டு எடை பார்த்தபின் நீரிலேயே விட்டுவிடுகின்றனர்.

இத்தனை சிரமம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இறந்த உடல்களை எண்ணுவதால் இழப்பு மட்டுமே தெரியும். உயிருள்ள உடலைச் சோதித்தாலோ, வரவிருக்கும் ஆபத்தை முன்னரே உணரலாம். கொழுப்பு குறைந்திருந்தால் மேய்ச்சல் போதவில்லை என்று பொருள்.

2021ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதனை மெய்ப்பிக்கிறது. அவ்வாண்டு புளோரிடாவில் சுமார் 1,100 கடற்பசுக்கள் மாண்டன. கீழைக் கரையிலுள்ள இந்தியன் ரிவர் காயலில் கழிவுகள் கலந்ததால் பாசி பெருகியது, சூரிய ஒளி தடைபட்டது, கடற்புற்கள் அழிந்தன, கடற்பசுக்கள் பட்டினியால் மடிந்தன. அடுத்து வந்த இரு குளிர்காலங்களில் மனிதர்களே கீரை வகையான 'லெட்யூஸ்' இலைகளை டன் கணக்கில் அள்ளிப் போட வேண்டியதாயிற்று.

கிரிஸ்டல் ரிவரிலோ, படிந்த பாசியை அகற்றி நீர்ப்புற்களை நட்டுப் பேணினர். இன்று அங்கே கடற்பசுக்களுக்கு மேய்ச்சல் இருக்கிறது.

நமது பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவும் இதே இனத்தின் உறவுதான். அதற்கென 2022இல் தமிழக அரசு காப்பகம் அறிவித்தது. அதுவும் கடற்புல்லை நம்பியே உயிர் வாழ்கிறது. எனவே, கரையோர வாசகர்களே, கடலில் நாம் எறியும் கழிவு யாருடைய உணவைக் கெடுக்கிறது என்பதைச் சற்றே சிந்தியுங்கள்!