உப்புத்தண்ணீர் பட்டால் மின்கருவி ஏன் கெடுகிறது?

வாகனத் தொழிற்சாலைகள் உள்ள ஒரகடத்தில் கடல் இல்லை. ஆனாலும் உதிரிபாகத் துறையில் உப்புத் தெளிப்புச் சோதனை வழக்கமானது: 35 டிகிரி வெப்பமுள்ள மூடிய பெட்டியில் 5 சதவீத உப்புக்கரைசலைப் பனிபோல் மணிக்கணக்கில் தெளிப்பார்கள். கடலில் மீனவரின் ஜிபிஎஸ் கருவிக்கும் அதே உப்புதான் எதிரி.

ஏன்? லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்னோட்டம் இருக்கையில் செம்பு முனைகள் வேகமாக அரிபடும். காய்ந்து படிந்த உப்பும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அரிப்பைத் தொடரச் செய்யும்.

எப்படித் தடுப்பது? கரையேறியதும் பேட்டரியைக் கழற்றி, கருவியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்ந்தபின் முனைகளில் டைஎலக்ட்ரிக் (மின்கடத்தா) கிரீஸ் தடவுங்கள். நீர்புகாத் தரமான ஐபி67-க்குச் சோதனை நடப்பது நன்னீரில். அது உப்பரிப்பு வராது என்பதற்கு உத்தரவாதமல்ல.